காந்தம் ஒட்டாத இடம்

நான் வண்டிகளுக்கு வயசு கூட்டுகிறவன். என்ன தொழில் என்று கேட்கிறவர்களிடம் டிங்கரிங், பெயிண்டிங் என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. அடிபட்ட வண்டியை நிமிர்த்துவது, துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டுவது, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து ஷோரூமிலிருந்து இறங்கியது போல ஆக்கிக் கொடுப்பது, இதெல்லாம் முப்பது வருசமாகச் செய்கிற வேலை. கடந்த பத்துப் பன்னிரண்டு வருசமாக இதற்கு நேர் எதிரான வேலையும் சேர்ந்துகொண்டது. நன்றாக ஓடுகிற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதைப் பழசாக்கிக் குடுப்பா" என்கிறார்கள். 1996ல் வாங்கிய புல்லட்டை 1960 புல்லட்டாக ஆக்க வேண்டும். தொண்ணூறுகளில் வந்த பத்மினி காரை அறுபதுகளின் ஃபியட் 1100 ஆக ஆக்க வேண்டும். கமாண்டர் ஜீப்பை வில்லிஸ் ஜீப்பாக ஆக்க வேண்டும். சின்னசேலத்தில் சேலம் ரோட்டை ஒட்டி இருக்கிற என் தகரக் கொட்டகைக்கு ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் பக்கமிருந்தெல்லாம் இதற்காக வருகிறார்கள்.

இந்த வேலையைப் பற்றி எழுதச் சொன்னபோது, இதில் நம் பத்திரிகைக்கு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வசதிக்காரன் ஆசைக்கு நாம் ஏன் பக்கம் ஒதுக்க வேண்டும்? யோசிக்க யோசிக்க, இந்த நாட்டில் 'பழசு' என்கிற சாமான் எப்படித் தயாராகிறது என்பதைக் கையால் தெரிந்துவைத்திருக்கிற ஆள் நான் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

புல்லட்டைப் பழசாக்குவது என்றால் கழற்றுவதில்தான் ஆரம்பம். பெரிய இண்டிகேட்டர் நாலும் போகும், கண்ணுக்குத் தெரியாத குட்டியாக வேறு வைப்போம். பிளாஸ்டிக் சுவிட்சு போகும். ஆள் இருவர் உட்காருகிற நீள சீட்டு போய், அடியில் ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டு வரும். முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தால் அதை எடுத்துவிட்டு டிரம் போடுவோம். அலாய் சக்கரத்தை எடுத்துவிட்டு கம்பிச் சக்கரம். ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் கண் மாதிரி இரண்டு சின்ன விளக்கு, அதற்கு டைகர் லேம்ப் என்று பேர். பக்கத்திலேயே ஆம்பியர் மீட்டர். அந்த முள் நடுவுக்கு வருகிற வரைக்கும் டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரை மெதுவாக இறக்கி, அப்புறம் ஒரே மிதி மிதிக்க வேண்டும். தெரியாதவன் மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் போய்விடும்.

இவ்வளவும் மாட்டினால் மாடல் பழசாகும், வண்டி பழசாகாது. பழசு என்பது தோலில் இருக்கிறது. புதுப் பெயிண்டைப் பளபளப்பாக விடக்கூடாது. அறுபது வருசம் ஒருவன் முழங்கால் உரசியிருந்தால் டேங்கில் எந்த இடம் தேய்ந்திருக்கும், எந்த இடத்தில் சாவிக்கொத்து பட்டுக் கீறியிருக்கும் என்று யோசித்து, அந்த இடத்தில் மட்டும் வாட்டர் பேப்பரால் தேய்த்து அடிப் பூச்சைக் காட்ட வேண்டும். மட்கார்டு ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டி, உப்புத் தண்ணியும் வினிகரும் தெளித்து வெயிலில் வைத்தால் சில நாளில் துரு பூக்கும். துரு வேண்டிய அளவு வந்ததும் மங்கலான வார்னிஷை மேலே அடித்து அதை அங்கேயே நிறுத்திவிடலாம். கடைசியாக டேங்கில் தங்கக் கோடு. அதைக் கையால்தான் இழுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு.

இதை நான் ஒருவன் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனியே செய்கிற காரியம்தான். 1955ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடியது. திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி, அதே உருவத்தில், வருசக்கணக்காக வந்துகொண்டிருந்தது. அப்போதெல்லாம் அது 'பழைய வண்டி' என்று யாரும் பெருமைப்படவில்லை, வேறு வழியில்லாமல் அதையே செய்தார்கள். 2009ல் 'கிளாசிக்' என்று ஒன்றை விட்டார்கள். எஞ்ஜின் புதுசு, தோற்றம் ஐம்பது அறுபது வருசத்துக்கு முந்தியது. அதுதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. அதைப் பார்த்து 2018ல் ஜாவா திரும்ப வந்தது, 2022ல் யெஸ்டி வந்தது, எல்லாம் தாத்தா முகத்தோடு. ஆக, நான் கொட்டகையில் கையால் செய்கிறதை அவர்கள் ஃபாக்டரியில் லட்சக்கணக்கில் செய்கிறார்கள்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு பேரே இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு இளைஞர், அவருடைய பத்மினியை ஃபியட் 1100 ஆக்குவதற்காக வந்தவர், போனில் ஒரு கார் படம் காட்டினார். போர்ஷே 911 என்கிற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். 1963ல் முதல்முதலாகக் கண்காட்சியில் வைத்தது. பத்து வருசம் மெல்லிய குரோம் பம்பரோடு, நீண்ட பானட்டோடு வந்தது. அப்புறம் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள், மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் மோதினால் பம்பர் தாங்க வேண்டும் என்று. அதற்காக 1974 மாடலிலிருந்து தடித்த பம்பர் வைத்து, பானட்டையும் குட்டையாக்கினார்கள். அன்றையிலிருந்து ரசிகர்களுக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. எழுபது எண்பதுகளில் வந்த காரை வாங்கி, பம்பர், பானட், முன் மட்கார்டு எல்லாவற்றையும் மாற்றி 1973க்கு முந்தின காராக ஆக்கிக்கொள்கிறார்கள். இதற்கு 'பேக்டேட்டிங்' என்று பேர். கலிபோர்னியாவில் சிங்கர் என்று ஒரு கம்பெனி. ஒரு ராக் பாட்டுக்காரர் 2009ல் ஆரம்பித்தது. 1989க்கும் 1994க்கும் நடுவில் வந்த 911ஐ எடுத்து, கார்பன் ஃபைபரில் உடம்பு செய்து, அறுபது எழுபதுகளின் கார் போல ஆக்கிக் கொடுக்கிறார்கள். விலை நம்மூர்ப் பணத்தில் கோடிகளில்.

"அண்ணே, அவன் செய்யறதும் நீங்க செய்யறதும் ஒரே வேலைதான்" என்றார் அந்தத் தம்பி. கேட்க சந்தோசமாகத்தான் இருந்தது. என் கொட்டகையில் கார்பன் ஃபைபர் இல்லை. சுத்தியல், டாலி, கேஸ் வெல்டிங், உப்புத்தாள், பட்டி டப்பா. ஆனால் கண் ஒன்றுதான். ஒரு வளைவைப் பார்த்து இது அறுபத்தி நாலா எழுபத்தி நாலா என்று சொல்கிற கண்.

அவர் போன பிறகு ஒரு கேள்வி மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மன்காரனும் அமெரிக்காக்காரனும் 1973க்குப் போக ஆசைப்படுவது ஒரு பம்பருக்காக. தடிமன் இல்லாத, லேசான காருக்காக. அந்த ஆசைக்குள்ளும் அவனவன் அரசியல் இருக்கலாம், அதை அவர்கள் ஊர்க்காரர்கள் எழுதட்டும். என்னிடம் வருகிறவர்கள் எதற்காக அறுபதுக்குப் போகிறார்கள்?

வாயைக் கிளறினால் சொல்லிவிடுவார்கள். "எங்க தாத்தா இதுல ஏரிக்கரையில வந்தார்னா ஊரே எழுந்து நிக்கும்." "அந்தக் காலத்துல ஒரு மட்டு மரியாத இருந்திச்சி." "இப்ப யாரு வேணா என்ன வண்டி வேணா வாங்கறான், ஒரு மதிப்பே இல்லாமப் போச்சி." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தபடியே சொல்கிறவர்களும் உண்டு. நான் யார் என்று தெரியாமல் சொல்கிறவர்களும் உண்டு, தெரிந்து சொல்கிறவர்களும் உண்டு. நான் பட்டியைக் குழைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். பட்டியில் ஹார்ட்னர் கலந்துவிட்டால் நிறுத்திப் பேச நேரம் கிடையாது, இறுகிவிடும்.

எங்க நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் பண்ணையாளாக இருந்தவர். எங்க தாத்தாவும் அதே பண்ணையில்தான். பகலில் வீட்டில் தனியாக இருக்க முடியாமல் கொட்டகை வாசலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு புல்லட்டை முடித்தேன். அதன் சொந்தக்காரர் தோற்றத்தைவிட சத்தத்தில்தான் குறியாக இருந்தார். ஷார்ட் பாட்டில் சைலன்சர் வேண்டாம், அந்தக் காலத்து நீள சைலன்சர் வேண்டும், சத்தம் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், இரண்டு அடிக்கு நடுவில் எண்ணுகிற மாதிரி இடைவெளி வேண்டும் என்று நாலு தடவை திருப்பி அனுப்பினார். ஐந்தாவது தடவை கார்பரேட்டரையும் பாயிண்டையும் பையன் சரி பண்ணி, கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஸ்டார்ட் செய்து முன்பக்கம் ஓட்டி வந்தான். டப்... டப்... டப்... என்று வந்தது.

நைனா எழுந்து நின்றுவிட்டார். வண்டியை அவர் பார்க்கவில்லை. கண்ணும் சரியாகத் தெரியாது. தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. செருப்பைக் காலால் கழற்றித் தள்ளுகிறார்.

"நைனா, உக்காரு. நம்ம கடை இது. ஓட்டறது நம்ம பையன்" என்றேன்.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்: "அந்த மோட்டாரு சத்தம் ஏரிக்கரை திரும்பறப்பவே கேக்கும்டா. கேட்டா ரோட்ட வுட்டு எறங்கிடணும். நடந்து வர்றவரா இருந்தா பக்கத்துல வந்தப்பறந்தான் தெரியும், எறங்கறதுக்குள்ள அடி வுழுந்துடும். மோட்டாரு வந்தது ஒரு வகையில நல்லதாப் போச்சி. தூரத்துலயே தெரிஞ்சிடும்."

சொல்லிவிட்டு சிரித்தார். அவருக்கு அது சிரிப்புதான். எனக்கு அந்த வண்டியின் கணக்கு முழுதும் அப்போதுதான் புரிந்தது. அந்த ஆள் நாலு தடவை திருப்பி அனுப்பிக் கேட்ட சத்தம் எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. அது சரியாக வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கூடிய ஒரே ஆள் என் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அறுபதைத் திரும்பக் கொண்டுவா என்கிறவனுக்கு அறுபது என்றால் வண்டிமேல் உட்கார்ந்திருப்பவன். நமக்கு அறுபது என்றால் ரோட்டுக்குக் கீழே இறங்கி நின்றவன். ஒரே வருசம், ஒரே ரோடு, ஒரே சத்தம்.

கல்வராயன்மலைக்காரர்கள் இதை இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறுகிற ரோட்டில் இப்போது வார விடுமுறைக்கு ஜீப்பில் போகிறது ஒரு நாகரிகம். அதற்காக ஒருவர் கமாண்டர் ஜீப்பை வில்லிஸ் ஆக்கக் கொண்டுவந்தார். மகிந்திரா கம்பெனி 1947லிருந்து வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்ற கம்பெனிதான், அதனால் கமாண்டருக்குள்ளே பழைய ஜீப்பின் எலும்பு இருக்கிறது. தட்டையான மட்கார்டு, மடக்குகிற முன்கண்ணாடி, கேன்வாஸ் கூரை, ஆலிவ் பச்சை. எந்த வருசத்து வண்டியாக வேண்டும் என்று கேட்டேன். "எழுபது எழுபத்தஞ்சு போதும்" என்றார்.

என்னிடம் வெல்டிங் வேலை பார்க்கிறவர் மலையாளி இனத்துப் பெரியவர் ஒருவரின் மகன். அவர் அப்பா ஒருநாள் மகனைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். பச்சை ஜீப்பைப் பார்த்தார். இது எந்தக் காலத்து வண்டி என்று கேட்டார். எழுபத்தஞ்சு என்றான் மகன். "எழுபத்தஞ்சுன்னா நாங்க இன்னும் ஜாகிர் ஆளுங்க" என்றார் அவர்.

படிக்கிற மாணவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். 1947ல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. கல்வராயன்மலை மட்டும் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. மலைமேல் இருக்கிறவன் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தான், வரி அளந்தான். அரசாங்கம் அந்த ஜாகிர்களை எடுத்துக்கொண்டது 1976ல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976தான். சின்னசேலத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மலைக்குச் சுதந்திரம் இருபத்தொன்பது வருசம் பிந்தி ஏறியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேல் செத்தபோது, கல்வராயன்மலை மக்கள் நிலைமையை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. அப்போதுதான் இந்தப் பழைய கதை மறுபடி பேப்பரில் வந்தது. எழுபத்தஞ்சு மாடல் ஜீப் கேட்டவருக்கு 75ம் 77ம் ஒன்றுதான், பச்சை வண்ணத்தில் கொஞ்சம் வித்தியாசம். அந்தப் பெரியவருக்கு இரண்டுக்கும் நடுவில் அவருடைய வாழ்க்கையே இருக்கிறது.

இந்தத் தொழிலில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அசல்காரர்கள். எஞ்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோது இருந்தபடி ஜோடி சேர வேண்டும், அதற்கு 'மேட்சிங் நம்பர்' என்று பேர். போல்ட்டு நட்டு வரைக்கும் அந்த வருசத்ததாக இருக்க வேண்டும். ஒரு வண்டியை வாங்குவதற்கு முன் இவர்கள் கேட்கிற கேள்விகளைக் கேட்டால் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருக்கும். யார்கிட்ட இருந்திச்சி, அவர் யார்கிட்ட வாங்கினார், வெளியாள் கை பட்டதா, உள்ளே கலப்பு இருக்கா. என் வண்டிகளைப் பார்த்து "கலப்பு மாடு" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். 96 உடம்பு, 60 முகம், எங்கிருந்தோ கழற்றின சீட்டு.

சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2021ல் வந்த விதிப்படி, பதிவாகி ஐம்பது வருசம் கடந்து, சேஸிஸ், உடம்பு, எஞ்ஜின் பெரிதாக மாறாமல் இருக்கிற வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு கிடைக்கும், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். என் வண்டி எதற்கும் அது கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. நான் நம்பரைத் தொடமாட்டேன். எஞ்ஜின் நம்பரையோ சேஸிஸ் நம்பரையோ ராவி வேறு அடித்துக் கொடு என்று பணத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே என்ன வேசம் போட்டாலும் ஆர்.சி. புக்கில் 1996 என்றுதான் இருக்கும். வேசம் கட்டுவது கூத்து, நம்பரை மாற்றுவது மோசடி. கூத்து பார்க்கிறவனுக்கு அது கூத்து என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு என் புல்லட் அறுபது வருசத்து வண்டி. தேய்ந்த டேங்க், பூத்த துரு, மங்கின தங்கக் கோடு, ஒவ்வொன்றும் சாட்சி சொல்லும். தொட்டுப் பார்த்துக் கண்கலங்கினவர்கள் இருக்கிறார்கள். அந்த அறுபது வருசத்தை நான் பதினஞ்சு நாளில் செய்தேன். ஒருமுறை இதைச் செய்துவிட்டவனிடம் வந்து, "இது ஆதிகாலத்திலேர்ந்து இப்படித்தான்" என்று எதையாவது சொன்னால், அவனுக்கு உடனே பட்டி வாசனை அடிக்கும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை தெரியும். சின்ன காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, கார் உடம்பின் மேலே மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும். பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் ஒட்டாது, கையோடு வந்துவிடும். மேலே பெயிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, உள்ளே ஓட்டை இருக்கிறது, யாரோ நிரப்பி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் சின்னசேலம் தாலுகாவில் எடுத்தவாய்நத்தம் என்று ஒரு ஊர். அங்கே வரதராஜப் பெருமாள் கோயில். இந்து சமய அறநிலையத் துறையின் கோயில். நம் மக்கள் உள்ளே போகக் கூடாது. ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தை, வழக்கம். எப்போதிருந்து வழக்கம்? காலங்காலமாக. 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி அன்று, மாவட்ட அதிகாரிகள் முன்னிலையில் போலீஸ் பாதுகாப்போடு நம் மக்கள் முதல்முறையாக உள்ளே போனார்கள். பெண்கள் அழுதார்கள் என்று போனவர்கள் சொன்னார்கள்.

இப்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள். சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த வருசம் 1947. அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் நம்மைத் தடுத்த ஒவ்வொரு நாளும் 'காலங்காலமான வழக்கம்' கிடையாது, சட்டம் வந்தபிறகு புதிதாகச் செய்த குற்றம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து பேசி, யார் வாசலில் நிற்பது, யாரைப் பார்த்து என்ன சொல்வது என்று தீர்மானித்துத்தான் தடுத்திருக்கிறார்கள். எழுபத்தாறு வருசத்துச் செய்முறை. மேலே அடித்த பெயிண்டுக்குத்தான் வழக்கம் என்று பேர். என் வண்டியிலாவது ஆர்.சி. புக்கில் உண்மையான வருசம் இருக்கிறது. இந்த வழக்கத்துக்கு அதுவும் இல்லை. தேதி கேட்டால் கோபம் வருகிறது.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் நம் கல்லூரி மாணவர் ஒருவரைக் கையில் வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்று அந்தக் குடும்பம் சொன்னது. மூன்று பேர் கைதானார்கள். செய்தி வந்த அன்று என் கொட்டகையில் இரண்டு புல்லட் பிரிந்து கிடந்தது. வேலை ஓடவில்லை. புல்லட் என்ன வேதத்திலா இருக்கிறது? 1955ல் திருவொற்றியூரில் கூலிக்காரர்கள் பூட்ட ஆரம்பித்த மோட்டார் சைக்கிள். டேங்குக்குத் தங்கக் கோடு இழுத்தவன் எந்த சாதி என்று யாராவது கேட்டார்களா? ஒரு யந்திரம் ஊருக்குள் வந்து ஒரு தலைமுறைக்குள், இன்ன சாதி ஏறலாம் இன்ன சாதி ஏறக்கூடாது என்று அதற்கும் ஒரு தொன்மை தயாராகிவிட்டது. மனு எழுதின காலத்தில் கார்பரேட்டர் இல்லை. இந்தத் தொன்மை நம் கண்ணுக்கு முன்னால் செய்தது, இதற்குத் தேதிகூடப் போடலாம்.

என் அக்கா மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போனவன். பழைய புல்லட் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். "மாமா, இதை அறுபது மாடலா ஆக்கிக் குடு" என்றான்.

"உனக்கு எதுக்குடா அறுபது? அறுபதுல நாம எங்க இருந்தோம்னு ஒங்க தாத்தாவக் கேளு" என்றேன்.

"அதுக்குத்தான் மாமா கேக்கறேன். அந்த போட்டோவுல நாம இல்ல. இப்ப அந்த வண்டிலயே ஏறி அதே ஏரிக்கரைல போறேன். பாக்கறவன் பாக்கட்டும்."

அன்று கொட்டகைக்கு வந்திருந்த தோழர் ஒருவர், நம் பத்திரிகையில் எழுதுகிறவர், அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். "அயோத்திதாசர் செய்ததும் இதுதானே. 1907ல் தமிழன் பத்திரிகை ஆரம்பித்து, நாம் பூர்வ பௌத்தர்கள் என்று பின்னால் போய் எழுதினார். நம்மைத் தாழ்ந்தவன் என்கிறவனுடைய பழசுக்கு முன்னாலேயே நமக்கு ஒரு பழசு இருந்தது என்றார். இவன் கேட்பதில் என்ன தப்பு?" என்றார்.

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். அயோத்திதாசர் பின்னால் போனது அங்கே போய் உட்கார்ந்துகொள்ள இல்லை என்று எனக்குப் படுகிறது. எதிராளியின் பழசைக் காந்தம் வைத்துப் பார்க்கத்தான் போனார். இந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் என்ன, இந்தக் கதையை யார் எப்போது திருத்தினார்கள், எந்த இடத்தில் நிரப்பி மூடியிருக்கிறார்கள் என்று வரிக்கு வரி கேட்டார். அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. கேட்ட விதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா மகனுக்கு வண்டியைச் செய்து கொடுத்தேன். துரு வைக்கவில்லை, தேய்க்கவில்லை. நீள சீட்டை எடுக்கவும் விடவில்லை, நம் வீட்டில் பின்னால் உட்காரப் பொம்பளைகள் இருக்கிறார்கள். பளபளப்பாக டூக்கோ அடித்து, தங்கக் கோடு மட்டும் இழுத்தேன். அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். நான் சொன்னது இதுதான்: நமக்குப் பழைய தோற்றம் வேண்டாம், தேதி வேண்டும். அவர்களுக்குத் தேதி ஆகாது, தேதி போட்டால் வழக்கம் உடைந்துவிடும். நம்முடைய ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் ஒருநாள் யாரோ போராடி வாங்கியிருக்கிறார்கள். 1947. 1976. 2023 ஜனவரி 2. நீ வண்டி வாங்கின நாளும் அதில் ஒன்று, அதை அறுபது என்று மாற்றி எழுதி அழிக்காதே.

அவன் இப்போது அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறான். நைனாவுக்கு இன்னும் அந்தச் சத்தம் கேட்டால் கை துண்டுக்குத்தான் போகிறது. அவரை மாற்ற முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் அவரைப் பேசச் சொல்லி, எந்த வருசம், எந்த ஏரிக்கரை, யாருடைய மோட்டார், யார் யார் இறங்கி நின்றார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்திருக்கிறேன். நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. வாசிக்கிற மாணவர்கள் அவரவர் வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் இதைச் செய்ய வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் அவர்களுடைய தாத்தாவின் வண்டியைப் பணம் கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். அந்த வண்டி போன ரோட்டில் யார் நின்றார்கள் என்பது இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான் கேட்டால் கிடைக்கும்.